மூடுபனி மேல் விழுந்த பழி: கோத்தகிரித் தேயிலை ஆலையில் ஒரு என்எஃப்எஸ் மவுண்ட்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஆலை. சொந்தத் தோட்டம் இல்லாமல், சுற்றுவட்டாரச் சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூள் போடும் ஆலை. இலை வண்டிகள் ஆலை வரை ஏறி வருவதில்லை. சரிவில் கீழே ரோட்டோரம் ஒரு ஷெட் இருக்கிறது, எடை அங்கேதான். எடை மெஷினிலிருந்து ஒரு சீரியல் கேபிள் சின்னதொரு கம்ப்யூட்டருக்குப் போகிறது. அதில் டெபியன் லினக்ஸும், எடையைப் பதியும் ஒரு புரோகிராமும் ஓடுகின்றன. கணக்கு பார்க்கும் ஆபீஸும் சர்வரும் மேலே ஆலையில். இரண்டுக்கும் நடுவே அடுத்தவர் தோட்டம் வருவதால் கேபிள் இழுக்க முடியவில்லை. கூரைக்கு ஒன்றாக 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வைத்துப் பாலம் போட்டிருக்கிறார்கள்.

ஷெட் கம்ப்யூட்டரில் /எடை என்று ஒரு ஃபோல்டர். பார்க்க உள்ளூர் ஃபோல்டர் மாதிரி இருந்தாலும் அது சர்வரின் டிஸ்க்கில் இருப்பது. என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் ஃபைல் பகிர்வு முறையில் மவுண்ட் செய்திருக்கிறார்கள், அதாவது சர்வரின் ஃபோல்டரை இங்கே இணைத்திருக்கிறார்கள். தினமும் தேதி பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் வண்டிக்கு ஒரு ஃபைல், ஒவ்வொரு ஃபைலிலும் விவசாயிகளின் எண்ணும் கிலோவும். ஆபீஸில் அதைப் படித்துத்தான் மாதக் கணக்கு போடுகிறார்கள். அந்த ஃபைலில் ஒரு வரி குறைந்தால் ஒரு குடும்பம் பறித்துக் கொடுத்த இலைக்குப் பணம் போய்ச் சேராது. இந்த வேலையை நான் அவசரமாக எடுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

புகார் இதுதான்: சாயங்காலம் ஆனால் /எடை நின்றுவிடுகிறது. கணக்கு பார்க்கும் அண்ணன் என்னிடம் சொன்னது: “தம்பி, மிஸ்ட்டு இறங்கிடுச்சுன்னா ரேடியோ போயிடும். மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோம், வேலை செய்யும். ஆனா மறுநாள் பார்த்தா கடைசி வண்டிங்க கணக்கு இங்க வந்திருக்காது.”

இதில் மூன்று செய்திகள் இருக்கின்றன. சாயங்காலம் நிற்கிறது. ஆஃப் செய்து போட்டால் சரியாகிறது. சரியான பிறகு பதிந்த கணக்கு காணாமல் போகிறது. மூன்றாவதைக் கேட்டதுமே ரேடியோ மேல் எனக்கு இருந்த சந்தேகம் குறைந்துவிட்டது. லிங்க் அறுந்தால் புரோகிராம் எரர் கொடுக்கும், இல்லையென்றால் உறைந்து நிற்கும். “வேலை செய்தது, ஆனால் கணக்கு இல்லை” என்றால் அந்தக் கணக்கு வேறெங்கோ எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மூடுபனி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் மலையில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். மூடுபனி அலைவரிசையைத் தின்பது உண்மைதான், ஆனால் அது பல பத்து கிகாஹெர்ட்ஸில் ஓடும் லிங்க்குகளுக்கு. 10 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே, அதுவும் சில நூறு மீட்டர் தூரத்துக்கு, கணக்கில் எடுக்க வேண்டியதே இல்லை. 5 கிகாஹெர்ட்ஸுக்கு உண்மையான எதிரி நனைந்த மரம். தேயிலைக்கு நிழலாக வைத்த சில்வர் ஓக் குறுக்கே வளர்ந்து, மழையில் இலையெல்லாம் நீர் பிடித்து நின்றால் சிக்னல் விழும். இங்கே குறுக்கே மரம் இல்லை. ரேடியோவின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன்: சிக்னல் பலம் வெயிலில் −61 டிபிஎம். எதிரே உள்ள கூரை கண்ணுக்கே தெரியாத அளவு பனி இறங்கியபோது −62. அது மாற்றமே இல்லை.

பிறகு ஏன் சாயங்காலம்? இதற்கு விடை ஷெட்டில் எடை போடும் அக்காவின் நோட்டில் இருந்தது. கம்ப்யூட்டரை நம்பாமல் அவர் ஒவ்வொரு வண்டியையும் கையாலும் எழுதி வைக்கிறார். கம்ப்யூட்டர் நின்ற இடத்தில் ஓரமாக ஒரு சிவப்புக் கோடு. கோடுகள் எல்லாம் ஏழாவது, எட்டாவது வண்டிக்குப் பக்கத்தில் இருந்தன. ஞாயிறு பறிப்பு இல்லாததால் திங்கட்கிழமை இலை அதிகம். அன்றைக்குக் கோடு மதியத்துக்கு முன்பே விழுந்திருக்கிறது. “அன்னிக்கு நல்ல வெயில் சார்” என்றார். ஆக, நிறுத்துவது நேரமும் இல்லை, வானிலையும் இல்லை, ஃபோல்டரில் உள்ள ஃபைல்களின் எண்ணிக்கை. சாயங்காலம்தான் வண்டிகள் சேரும், சாயங்காலம்தான் பனியும் இறங்கும். இரண்டும் சேர்ந்தே வந்ததால் பழி பனிமேல் விழுந்துவிட்டது.

இந்த ஒரு தகவலோடு, உறைந்து நிற்கும் நேரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் போகிறது, பதில் சில மில்லி விநாடியில் வருகிறது. சர்வரில் என்எஃப்எஸ்ஸுக்கான 2049 போர்ட் திறந்திருக்கிறது. மவுண்ட் பட்டியலில் /எடை இருக்கிறது. பழைய தேதி ஃபோல்டர்களில் ஃபைல் குறைவாக உள்ள ஒன்றில் ஃபைல் பட்டியல் காட்டும் எல்எஸ் கமாண்ட் கொடுத்தால் வருகிறது. இன்றைய ஃபோல்டரில் எல்எஸ் கொடுத்தால் கர்சர் அப்படியே நிற்கிறது, கன்ட்ரோல்-சி அடித்தாலும் அசையவில்லை. அதற்குப் பிறகு முன்பு வந்த ஃபோல்டரும் வரவில்லை. டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் கொடுத்தால் அதுவும் தொங்குகிறது. ஓடும் புரோகிராம்களைக் காட்டும் பிஎஸ் பட்டியலில் எல்எஸ்ஸுக்குப் பக்கத்தில் ‘டி’ நிலை, அதாவது டிஸ்க்கின் பதிலுக்காக உறைந்து நிற்கும் நிலை. சிபியு சும்மா இருக்க, இப்படி உறைந்து நிற்பவற்றையும் எண்ணும் லோடு ஆவரேஜ் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. லினக்ஸின் மையமான கெர்னல் எழுதும் செய்திகளைக் காட்டும் டிஎம்இஎஸ்ஜியில் அந்தப் பிரபலமான வரி: சர்வர் 192.168.10.5 நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் டிரையிங்.

சின்னது போகிறது, பெரியது போகவில்லை. இந்த அறிகுறியைப் பார்த்தால் முதலில் எம்டியு-வைத்தான் பார்க்க வேண்டும். ஒரே பாக்கெட்டில் எவ்வளவு பெரிய சரக்கை அனுப்பலாம் என்ற வரம்பு அது. சாதாரண ஈதர்நெட்டில் 1500 பைட். ஐபி லிங்க் கொடுத்துப் பார்த்தால் ஷெட் கம்ப்யூட்டரில் 9000. சர்வரிலும் 9000. ஆபீஸில் பேக்கப் பெட்டி வைத்தபோது வேகத்துக்காக ஜம்போ ஃபிரேம் (1500-ஐவிடப் பெரிய பாக்கெட்) போட்டிருக்கிறார்கள், அதே செட்டிங் ஷெட்டுக்கும் போயிருக்கிறது. நடுவில் இருக்கும் ரேடியோக்கள் அவ்வளவு பெரிய ஃபிரேமை விடாது.

சோதிக்க பிங்கே போதும். துண்டாக்காதே என்று சொல்லும் ‘-எம் டூ’ ஆப்ஷனோடு அளவை ‘-எஸ்’ மூலம் கொடுக்க வேண்டும். ஐபி தலைப்புக்கு 20 பைட், பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பியின் தலைப்புக்கு 8 பைட் கழித்து, 1500-க்கு 1472, 9000-க்கு 8972. 1472 ஒழுங்காகப் போய் வந்தது. 8972-க்குப் பதிலே இல்லை. ஆப்ஷன் இல்லாத வெறும் பிங் 56 பைட்தான் அனுப்பும். அது எப்போதும் போகும், அதை வைத்து நெட்வொர்க் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டினால் இந்தக் கோளாறு காலத்துக்கும் பிடிபடாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஷெட் மட்டும் ஏன் அவதிப்பட்டது என்பது. ஆபீஸில் உள்ள மற்ற கம்ப்யூட்டர்கள் இதே சர்வரைத்தான் மவுண்ட் செய்கின்றன, அங்கே ஒரு தொல்லையும் இல்லை. என்எஃப்எஸ் பேசும் டிசிபி இணைப்பு தொடங்கும்போதே இரண்டு பக்கமும் தம்மால் வாங்க முடிந்த அளவைச் சொல்லிக்கொள்ளும். ஆபீஸ் கம்ப்யூட்டர் 1460 என்று சொல்லும், சர்வர் 8960 என்று சொல்லும், சிறியதை வைத்துப் பேசுவார்கள். எனவே ஒரு பக்கம் மட்டும் 9000 இருந்தால் டிசிபிக்குப் பிரச்சினை இல்லை. ஷெட்டிலோ இரண்டு பக்கமும் 8960 என்று சொல்கின்றன. நடுவில் உள்ள ரேடியோவுக்கு இந்தப் பேச்சில் இடமே இல்லை. அது ரவுட்டராக இருந்தால் “இது பெரியது, சிறிதாக்கு” என்று ஒரு ஐசிஎம்பி செய்தி திருப்பி அனுப்பும். வெறும் பாலம் என்பதால் பெரிய ஃபிரேமைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடுகிறது. சர்வர் அதே பாக்கெட்டை மறுபடி அனுப்பும், அதுவும் விழும், இடைவெளியை இரட்டிப்பாக்கி மறுபடியும் அனுப்பும். ஒரே டிசிபி குழாயில் எல்லாம் வரிசையில் நிற்பதால், பின்னால் வரும் சின்னப் பதில்களும் நகராது.

ஏழாவது, எட்டாவது வண்டியில் ஏன் நின்றது என்பதும் இப்போது புரிகிறது. ஃபோல்டரைப் படிக்கச் சொன்னால் என்எஃப்எஸ் பெயரை மட்டும் அனுப்பாது; ஃபைலின் அளவு, நேரம், உரிமையாளர், ஹேண்டில் (ஃபைலுக்கு சர்வர் தரும் அடையாளம்) எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஃபைலுக்கு ஏறக்குறைய 200 பைட் அனுப்பும். ஏழெட்டு ஃபைல் ஆனதும் பதில் 1500-ஐத் தாண்டுகிறது. புரோகிராம் ஒவ்வொரு பதிவுக்கும் அன்றைய ஃபோல்டரை ஒரு தடவை படிக்கிறது. மறுநாள் புதிய தேதி, காலியான ஃபோல்டர், எல்லாம் நன்றாக ஓடும். “காலையில் தானாவே சரியாயிடும்” என்று அவர்கள் சொன்னதற்கும் இதுதான் பொருள்.

பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் போட்டு உறுதி செய்துகொண்டேன். இங்கே ஓர் எச்சரிக்கை. அனுப்பும் மெஷினிலேயே பிடித்தால் எம்டியு 1500 ஆக இருந்தாலும் பெரிய பெரிய பாக்கெட் தெரியும், ஏனென்றால் துண்டாக்கும் வேலையை நெட்வொர்க் கார்டு பிறகுதான் செய்கிறது. அதைப் பார்த்து ஜம்போ என்று முடிவு செய்யக் கூடாது. இணைப்பு தொடங்கும் எஸ்ஒய்என் பாக்கெட்டில் எம்எஸ்எஸ், அதாவது மேலே சொன்ன ‘வாங்க முடிந்த அளவு’, என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள், அது பொய் சொல்லாது. இங்கே இரண்டு திசையிலும் 8960.

ஷெட் கம்ப்யூட்டரின் எம்டியு-வை 1500 ஆக்கினேன். ஓடிக்கொண்டிருக்கும் டிசிபி இணைப்பு பழைய பேச்சையே பிடித்துக்கொண்டிருக்கும் என்பதால் மவுண்ட்டைக் கழற்றி மறுபடி போட வேண்டும். தொங்கிக்கொண்டிருக்கும் மவுண்ட் சாதாரண அன்மவுண்ட்டுக்கு அசையாது. ‘-எஃப்’, அதுவும் கேட்காவிட்டால் ‘-எல்’. பிறகு சர்வரிலும் மாற்றினேன். பேக்கப் பெட்டிக்கு ஜம்போ வேண்டுமென்றால் அதற்குத் தனி நெட்வொர்க் கார்டு போடுவதுதான் முறை. ஒரே வலையில் பாதிப் பேருக்கு 9000, பாதிப் பேருக்கு 1500 என்று வைப்பது என்றைக்கும் தலைவலிதான். சோதனைக்கு ஒரு ஃபோல்டரில் 1000 வெற்று ஃபைல் உருவாக்கி, கீழே ஷெட்டிலிருந்து எல்எஸ் கொடுத்தேன். வந்தது.

இது பாதி வேலைதான். காணாமல் போன கணக்கு இன்னும் பாக்கி.

உறைந்து நின்றால் அவர்கள் என்ன செய்வார்கள்? சாதாரணமாக ஷட் டவுன் கொடுத்தால் அதுவும் என்எஃப்எஸ்ஸுக்காகக் காத்துக்கொண்டு முடியாது. அதனால் நேராக மெயின் சுவிட்ச். அந்த எக்ஸ்டென்ஷன் போர்டில் கம்ப்யூட்டரும் ரேடியோவும் சேர்ந்தே இருக்கின்றன. கரண்ட் போய் வந்தாலும் அதே கதை. கோத்தகிரியில் வடகிழக்குப் பருவ மழைக் காலத்தில் கரண்ட் போவது வாடிக்கை. இரண்டும் ஒரே நேரத்தில் உயிர்பெறும்போது என்ன நடக்கிறது என்று அவர்கள் செய்வதையே செய்துவிட்டு, ஜர்னல்சிடிஎல் லாக்கைப் படித்தேன்.

கம்ப்யூட்டர் அரை நிமிடத்துக்குள் எழுந்துவிடுகிறது. ஐபி முகவரி நிலையானது, ரேடியோவின் ஈதர்நெட் விளக்கும் எரிகிறது, எனவே நெட்வொர்க் ஆன்லைன் என்று, பூட் நேரத்தில் எல்லாவற்றையும் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி நினைத்துக்கொள்கிறது. மவுண்ட் தொடங்குகிறது. எதிர்முனைக்கு வழி இல்லாததால் திரும்பத் திரும்ப முயல்கிறது. என்எஃப்எஸ் மவுண்ட் கமாண்ட் தன்னளவில் 2 நிமிடம் முயலும் குணம் உடையது. ஆனால் சிஸ்டம்டி 90 விநாடிக்கு மேல் பொறுக்காது. லாக்கில் தெளிவாக எழுதியிருந்தது: மவுண்டிங் டைம்டு அவுட், டெர்மினேட்டிங்.

ரேடியோவுக்கு 90 விநாடிக்கு மேல் ஏன்? அதன் சேனல் 100. ரேடாரோடு பகிர்ந்துகொள்ளும் சேனல்களில் அதுவும் ஒன்று. அப்படிப்பட்ட சேனலில் ரேடியோ எழுந்ததும் ரேடார் ஏதும் ஒலிக்கிறதா என்று 60 விநாடி காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் வாய் திறக்கும். பூட் ஆகும் நேரமும் இந்த 60-ம் சேர்ந்தால் 90 தாண்டிவிடுகிறது. இரவில் கம்ப்யூட்டரை மட்டும் அணைத்துவிட்டு ரேடியோவை விட்டுவைப்பதால் காலையில் இந்தச் சிக்கல் வருவதில்லை. சேனலை 149-க்கு மாற்றினேன். 5745 மெகாஹெர்ட்ஸ், அங்கே இந்தக் காத்திருப்பு இல்லை.

எதை எங்கே மவுண்ட் செய்ய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலின் வரியில் ‘நோஃபெயில்’ இருந்தது. அதாவது மவுண்ட் ஆகாவிட்டாலும் பூட்டை நிறுத்தாதே. திரை, கீபோர்டு ஒழுங்காக இல்லாத ஷெட்டில் அது அவசியம்தான். ஆனால் விளைவைப் பாருங்கள். மவுண்ட் ஆகவில்லை, பூட் முடிகிறது, எடை புரோகிராம் எழுந்து /எடை எங்கே என்று தேடுகிறது. மவுண்ட்டுக்காக உருவாக்கிய வெற்று ஃபோல்டர் அதே பெயரில் உள்ளூர் டிஸ்க்கில் இருக்கிறது. அதில் தேதி ஃபோல்டர் உருவாக்கி, சந்தோஷமாக எழுதத் தொடங்குகிறது. ஒரு எரரும் இல்லை. வேகமும் அதிகம். எல்லோருக்கும் நிம்மதி. மறுநாள் காலை மவுண்ட் சரியாக ஆனதும் சர்வரின் ஃபோல்டர் மேலே வந்து மூடிக்கொள்கிறது, நேற்று எழுதியது எல்லாம் அடியில் போய்விடுகிறது.

ஆக, இரண்டு தனிக் கோளாறுகள். முதலாவது நிறுத்தும். இரண்டாவது, அதைச் சரிசெய்தது போலக் காட்டி, கணக்கை விழுங்கும். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்த வரை யாருக்கும் புரியாததில் ஆச்சரியமே இல்லை.

அடியில் போனதை எடுப்பது கஷ்டமில்லை. ரூட் ஃபைல் சிஸ்டத்தை, அதாவது உள்ளூர் டிஸ்க்கின் அடி ஃபோல்டரை, ‘மவுண்ட் --பைண்ட்’ மூலம் இன்னோர் இடத்தில், உதாரணமாக /எம்என்டி-யில், காட்டினால் போதும். பைண்ட் அதற்கு மேல் ஏறியிருக்கும் என்எஃப்எஸ்ஸைக் கூட்டி வராது. எனவே /எம்என்டி/எடை என்று போனால் அடியில் உள்ள உண்மையான ஃபோல்டர் தெரியும். உள்ளே எல்எஸ் கொடுத்தபோது தேதி தேதியாக வரிசையாக வந்து விழுந்தன. பக்கத்தில் நின்ற அக்கா நோட்டைப் புரட்டி, “இந்த தேதி... இந்த வண்டி... இருக்கு” என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சொன்னார். அந்த நேரத்தில் எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சம் அல்ல. அப்படியே சர்வருக்குக் காப்பி செய்துவிட முடியாது. சுவிட்சை அணைத்த நேரத்தில் பாதி எழுதிய வண்டி இரண்டு பக்கமும் ஒரே பெயரில் இருக்கும். ஒன்றின் மேல் ஒன்றை எழுதினால் மறுபாதி போய்விடும். ஒத்துப் பார்த்து, வரிகளைச் சேர்த்து, நோட்டோடு சரிபார்த்த பிறகே ஏற்றினோம்.

இனி இப்படி நடக்காமலிருக்க முதலில் செய்ய வேண்டியது ஒரே ஒரு கமாண்ட். மவுண்ட் கழன்றிருக்கும் நேரத்தில், அந்த வெற்று ஃபோல்டருக்கு ‘சிஎச்ஏடிடிஆர் +ஐ’. அப்புறம் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசர் உட்பட யாரும் அதற்குள் எதையும் உருவாக்க முடியாது, ஆனால் அதன்மேல் மவுண்ட் செய்ய எந்தத் தடையும் இல்லை. மவுண்ட் இல்லையென்றால் புரோகிராம் முதல் எடையிலேயே எரர் காட்டும், அக்கா நோட்டை எடுப்பார். கணக்கு விஷயத்தில் சத்தமாகத் தோற்பதுதான் நல்லது. என்எஃப்எஸ் மவுண்ட் வைத்திருக்கும் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்பேன்.

பிறகு எஃப்எஸ்டேப் வரி. பழையதில் என்எஃப்எஸ்ஸின் மூன்றாம் பதிப்பு, ‘இன்ட்ர்’, ஆர்சைஸ் (ஒரு தடவையில் படிக்கும் அளவு) 8192 என்று எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய ஆப்ஷன்கள். தொங்கும் வேலையை இடையில் நிறுத்த உதவிய இன்ட்ர் என்பதை கெர்னல் 2.6.25-லிருந்தே கண்டுகொள்வதில்லை. ஆர்சைஸை நாம் சொல்லாமல் விட்டால் கிளையண்ட்டும் சர்வரும் பேசி நல்ல அளவை எடுத்துக்கொள்ளும். தொங்காமல் இருக்கட்டும் என்று சிலர் ‘சாஃப்ட்’ போடுவார்கள், அது இருந்தால் குறிப்பிட்ட முயற்சிகளுக்குப் பிறகு என்எஃப்எஸ் கைவிட்டு புரோகிராமுக்கு எரர் கொடுக்கும். எரரைச் சரியாகக் கவனிக்காத புரோகிராமில் எழுதியது பாதியில் போகும். படிக்க மட்டும் உள்ள மவுண்ட்டுக்கு அது பரவாயில்லை. எடைக் கணக்கு எழுதும் இடத்தில் ‘ஹார்ட்’ தவிர வேறு எதையும் வைக்க மாட்டேன், தொங்கினாலும் சரி.

மூன்றாம் பதிப்பு 1995-ல் வந்தது. அதற்கு 2049 மட்டும் போதாது. எந்தச் சேவை எந்தப் போர்ட்டில் என்று சொல்லும் ஆர்பிசிபைண்ட் 111-ல், அதைக் கேட்டு, மவுண்ட் கோரிக்கையை வாங்கும் மவுண்ட்டி-க்கு ஒரு போர்ட், பூட்டு போட இன்னும் சில என்று ஃபயர்வாலில் பல ஓட்டைகள் திறக்க வேண்டும். நான்காம் பதிப்பு எல்லாவற்றையும் 2049 ஒன்றிலேயே முடித்துக்கொள்கிறது. 4.2-க்கு மாற்றினேன். மாற்றிய பிறகு சர்வரில் 111-ஐ மூடிவிட்டால் சர்வர் எதைப் பகிர்கிறது என்று காட்டும் ‘ஷோமவுண்ட் -இ’ பதில் தராது. அதைப் பார்த்து சர்வர் செத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், அது பழைய வழியில் கேட்கும் கமாண்ட்.

இப்போது வரி இப்படி இருக்கிறது: ஹார்ட், வெர்ஸ்=4.2, நோஃபெயில், எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட், எக்ஸ்-சிஸ்டம்டி.மவுண்ட்-டைம்அவுட்=180. ஆட்டோமவுண்ட் இருப்பதால் பூட் நேரத்தில் மவுண்ட் முயற்சியே இல்லை. யாராவது /எடை உள்ளே போகும்போதுதான் நடக்கும், தோற்றால் அடுத்த தடவை தொடும்போது மறுபடி முயலும். ரேடியோ எப்போது எழுந்தாலும் கவலையில்லை. 180 விநாடி என்பது மவுண்ட் கமாண்டின் 2 நிமிடத்தைவிட அதிகமாக இருக்கட்டும் என்று வைத்தது. எஃப்எஸ்டேப்பைத் திருத்திய கையோடு ‘சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்’ கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சிஸ்டம்டி பழைய வரியையே வைத்துக்கொண்டிருக்கும், நீங்கள் மாற்றியது எதுவும் பலிக்கவில்லை என்று குழம்புவீர்கள். அப்புறம் பழைய மவுண்ட்டைக் கழற்றி, எடை.ஆட்டோமவுண்ட் என்ற யூனிட்டைத் தொடங்க வேண்டும். 

சர்வர் பக்கம், யார் மவுண்ட் செய்யலாம் என்று சொல்லும் எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலையும் பார்த்தேன். அங்கே கோளாறில்லை, ஆனாலும் மவுண்ட் ஆகாமல் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக ஒன்று. முகவரிக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்தால் பொருளே மாறிவிடும்: அந்த முகவரிக்கு இயல்பான படிக்க மட்டும் அனுமதி, அடைப்புக்குறிக்குள் உள்ள எழுதும் அனுமதி உலகத்துக்கே. ஒட்டி எழுத வேண்டும். ‘ஆக்சஸ் டினைட் பை சர்வர்’ என்று வந்தால் எக்ஸ்போர்ட்ஸில் உங்கள் முகவரி இருக்கிறதா, ‘எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ’ கொடுத்தார்களா என்று பாருங்கள். ‘பேட் ஆப்ஷன், பேட் சூப்பர்பிளாக்’ என்று நீளமாகத் திட்டினால் டிஸ்க்கைச் சந்தேகிக்காதீர்கள், பெரும்பாலும் கிளையண்ட்டில் என்எஃப்எஸ்-காமன் பேக்கேஜ் இல்லை. கிளையண்ட், பல கம்ப்யூட்டர்களை ஒரே முகவரியாகக் காட்டும் ஏதாவது நேட்டுக்குப் பின்னால் இருந்தால் அதன் போர்ட் 1024-க்கு மேலே போய்விடும், சர்வர் மறுக்கும். அங்கே எக்ஸ்போர்ட்ஸில் ‘இன்செக்யூர்’ தேவைப்படும். எழுதிய ஃபைல் எல்லாம் நோபடி பெயரில், 65534 என்று தெரிந்தால் ரூட்டாக எழுதியிருக்கிறீர்கள், சர்வர் ரூட் ஸ்குவாஷ் செய்கிறது, அதாவது ரூட்டை அதிகாரமில்லாத நோபடியாக மாற்றுகிறது. அது கோளாறு இல்லை, பாதுகாப்பு. அதை அணைப்பதற்குப் பதில் புரோகிராமை ஒரு தனி யூசரில் ஓடவிட்டு, அந்த யூசர் எண் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இங்கேயும் அப்படித்தான் மாற்றினேன்.

எல்லாம் முடிந்த பிறகு இலை அதிகம் வரும் ஒரு திங்கட்கிழமை, வண்டிகள் வரிசையில் நிற்கும் நேரத்தில், எல்லோரையும் வைத்துக்கொண்டே மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டோம். கம்ப்யூட்டர் எழுந்தது, புரோகிராம் /எடை-யைத் தொட்டு, ரேடியோ எழும் வரை காத்து நின்றது, பிறகு பதிந்தது. ஆபீஸில் அண்ணன் அதே வண்டியின் கிலோவை ஃபோனில் படித்துக் காட்டினார்.

இன்னும் ஒரு மாற்றம் செய்யப் போகிறேன். எடையை முதலில் உள்ளூர் டிஸ்க்கில் வேறொரு ஃபோல்டரில் எழுதிவிட்டு, அங்கிருந்து ஒரு சின்ன ஸ்கிரிப்ட் நிமிடத்துக்கு ஒரு தடவை /எடை-க்கு நகர்த்துவது. ரேடியோ லிங்க் ஒன்றின் மேல் ஒருவருடைய கூலி நிற்கக் கூடாது. எங்கே எழுதுவது என்பது அந்தப் புரோகிராமில் ஒரே ஒரு செட்டிங்தான், மாற்றலாம். ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பார்க்க ‘மவுண்ட்பாயிண்ட் -க்யூ’ போதாது. ஆட்டோமவுண்ட் வைத்த இடத்தில் ஆட்டோஎஃப்எஸ்ஸே ஒரு மவுண்ட் என்பதால் அது எப்போதும் ஆமாம் என்றே சொல்லும். முதலில் ஃபோல்டரை ஒரு முறை தொட்டுவிட்டு, ‘ஃபைண்ட்எம்என்டி -டி என்எஃப்எஸ்4 /எடை’ என்று வகையைச் சொல்லிக் கேளுங்கள். ரேடியோவுக்கும் ஷெட் கம்ப்யூட்டருக்கும் ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கவும் ஆலையில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.